பள்ளி விட்டு வந்ததும் பசி: வீட்டில் செய்யும் மலிவான தின்பண்டங்கள் பற்றிய கேள்விகளும் பதில்களும்

எனக்கு 14 வயதில் ஒரு மகன், 10 வயதில் ஒரு மகள். நாலரை மணிக்குப் பள்ளி விட்டு வந்தால் பையைக் கழற்றும் முன்பே அடுப்படிக்குள் நுழைவார்கள். நான் தையல் வேலை முடிந்து வீடு திரும்ப ஆறு மணி ஆகும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு என்ன வைத்துவிட்டுப் போவது என்பதுதான் பல வருடமாக என் தலையில் ஓடும் கணக்கு. தெருவிலும் தையல் கூடத்திலும் பிள்ளை வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். விலையெல்லாம் மதுரையில் நான் வாங்கும் மளிகைக் கடையின் விலை. உங்கள் ஊரில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

மதியம் வயிறு நிறையத்தான் சாப்பிடுகிறான். நாலரைக்கு வந்து மறுபடியும் பசிக்கிறது என்கிறான். இது நிஜப் பசியா, வாய்க்கு ருசி கேட்கிறதா?

நிஜப் பசி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அளவுப்படி, 13 முதல் 15 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 2860 கலோரி வேண்டும். ஓரளவு உடல் உழைப்பு உள்ள வளர்ந்த ஆணுக்கு அதே பட்டியலில் 2710 தான். வேலைக்குப் போய் வரும் அப்பாவைவிட மகன் அதிகம் சாப்பிட வேண்டிய வயது இது.

நேரத்தையும் பாருங்கள். பன்னிரண்டரைக்கு மதியச் சாப்பாடு. இரவுச் சோறு எட்டரைக்கு. நடுவில் எட்டு மணி நேரம், அதில் விளையாட்டு, நடை, டியூஷன். நம்மில் யாராவது அப்படி இருப்போமா? அதனால் நான் இதைத் தீனி என்று நினைப்பதை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் இது நாலாவது சாப்பாடு. அப்படி நினைக்கத் தொடங்கியதும் என்ன கொடுப்பது என்பது தானாகவே தெளிவாகிவிட்டது.

பிஸ்கட் கொடுத்தால் போதாதா?

கொடுக்கலாம், ஆனால் நிற்காது. பிஸ்கட்டில் பெரும்பாலும் மைதா, சர்க்கரை, எண்ணெய். சீக்கிரம் செரித்துவிடும். என் மகனுக்குப் பிஸ்கட் கொடுத்த நாளில் நான் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போதே மறுபடி கேட்பான். ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்ட நாளில் எட்டு மணி வரை கேட்க மாட்டான். பயறிலும் கடலையிலும் புரதமும் நார்ச்சத்தும் சேர்ந்து இருப்பதால் வயிற்றில் நின்று மெதுவாகச் செரிக்கிறது.

பயறும் கடலையும் வாங்கிக் கட்டுப்படியாகுமா அக்கா? ஐந்து ரூபாய் பாக்கெட் மலிவு இல்லையா?

அந்த ஐந்து ரூபாய் பாக்கெட்டைத் திருப்பி, எத்தனை கிராம் என்று படித்துப் பாருங்கள். உள்ளே பாதிக்கு மேல் காற்று. அதே ஐந்து ரூபாய்க்கு, கிலோ 150 ரூபாய் விலையில், 33 கிராம் வேர்க்கடலை வரும். ஒரு கை நிறைய. அதில் சுமார் 8 கிராம் புரதம் இருக்கிறது. 14 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய புரதம் 45 கிராம் என்றால், ஆறில் ஒரு பங்குக்கும் மேல் அந்த ஒரு கையிலேயே கிடைத்துவிட்டது.

கறுப்புக் கொண்டைக்கடலை கிலோ 100 ரூபாய். நூறு கிராம் ஊறவைத்து வேகவைத்தால் இரண்டு மடங்குக்கு மேல் உப்பும். இரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கிண்ணம் வரும். தாளிக்க எண்ணெய், தேங்காய், எலுமிச்சை எல்லாம் சேர்த்து இருவருக்கும் 15 ரூபாய்க்குள் முடிந்துவிடும். முட்டை ஒன்று ஆறேழு ரூபாய், அதில் 6 கிராம் புரதம். இந்த மூன்றும் வீட்டில் இருந்தால் எந்த மாலையும் சமாளிக்கலாம்.

எந்தப் பயறு, எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எத்தனை விசில்?

கொண்டைக்கடலை, கறுப்போ வெள்ளையோ, ராத்திரி ஊறப் போட்டால் காலையில் சரியாக இருக்கும். எட்டு மணி நேரம் கணக்கு. உப்புப் போட்டு ஐந்தாறு விசில். காய்ந்த மொச்சையும் அப்படியே, ஆனால் பழைய மொச்சை என்றால் இன்னும் ஒன்றிரண்டு விசில் கூட வைக்க வேண்டியிருக்கும். காய்ந்த பட்டாணிக்கு மூன்று விசில், மேலே போனால் குழைந்துவிடும். தட்டைப்பயறு நாலு. பாசிப்பயறு ஊறியிருந்தால் ஒரே விசில் போதும். கொள்ளு ஊறினாலும் கல் மாதிரிதான் இருக்கும், எட்டு விசிலாவது விட வேண்டும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் ராத்திரிக்கு ரசம் வைத்துவிடுங்கள்.

தாளிப்பு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். நான் இரண்டு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்வேன். இறக்கியதும் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். பயறில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி உதவுகிறது. மாங்காய்க் காலத்தில் எலுமிச்சைக்குப் பதில் பொடியாக நறுக்கிய மாங்காய் போடுங்கள், தட்டு காலியாகும் வேகமே வேறு.

அப்புறம் முளை. பாசிப்பயறை ஊறவைத்து, வடித்து, ஈரத் துணியில் கட்டி ஒரு நாள் தொங்கவிட்டால் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். முளைகட்டினால் பயறில் இல்லாத வைட்டமின் சி உண்டாகிறது, செரிப்பதும் சுலபம். வெயில் காலத்தில் துணி சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு முறை தண்ணீர் தெளியுங்கள். வழவழப்போ வாடையோ வந்தால் கொட்டிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முளைப்பயறை ஆவியில் வேகவைத்தே கொடுங்கள்.

ஊறப்போட மறந்துவிட்டால்?

பாசிப்பயறு இருக்கவே இருக்கிறது. வெறும் வாணலியில் வாசம் வரும் வரை வறுத்து, கழுவி, மூன்று விசில். தட்டைப்பயறுக்கும் இதே வழி, ஆனால் ஊறியதற்கு விடுவதைவிட விசில் கூட வேண்டும். கொண்டைக்கடலைதான் வேண்டும் என்றால் ஹாட் பாக்ஸில் போட்டு, கொதிக்கும் வெந்நீரை ஊற்றி மூடிவிடுங்கள். இரண்டு மணி நேரத்தில் பெருமளவு ஊறிவிடும்.

சுண்டல் சாப்பிட்டால் வாயு, வயிறு உப்புகிறது என்கிறாள்.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைக்கிறீர்களா? பாதிச் சிக்கல் அதிலேயே தீரும். நசுக்கினால் மாவாகும் பதத்துக்கு வேக வேண்டும், அரைவேக்காட்டுக் கடலை யாருக்கும் ஒத்துக்கொள்ளாது. பெருங்காயமும் தட்டிய இஞ்சியும் சேருங்கள். பழக்கமில்லாத பிள்ளைக்கு முதல் வாரம் கால் கிண்ணம் கொடுத்து மெதுவாகக் கூட்டுங்கள்.

சலித்துவிட்டதாம். சுண்டலைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புகிறான்.

தினமும் ஒரே முகத்தோடு வந்தால் நமக்கும் அப்படித்தான் இருக்கும். அதே வெந்த கடலையை ஒன்றிரண்டாக மசித்து, வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி, ஒரு கை பொட்டுக்கடலை மாவு சேர்த்துத் தட்டி, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு இருபுறமும் சிவக்கச் சுட்டால் அது வேறு பண்டம். வெந்த பட்டாணியை மசித்து, வெங்காயம் தக்காளி வதக்கி, காரப்பொடி போட்டுக் கொதிக்கவிட்டு, மேலே ஒரு கை பொரி தூவினால் தள்ளுவண்டியில் வாங்கிய மாதிரியே இருக்கும். என் மகன் இதற்காக நண்பர்களையும் கூட்டி வருகிறான். இருக்கிறதைக் குழம்பாக நீட்டி நாலு பேருக்கும் கொடுப்பேன்.

பொரியை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள். எடையே இல்லாதது, எவ்வளவு தின்றாலும் பசி ஆறாது. ஒரு படி பொரிக்கு ஒரு கை வேர்க்கடலை, ஒரு கை பொட்டுக்கடலை, வெங்காயம், துருவிய கேரட், துளி எண்ணெயும் மிளகாய்ப்பொடியும். அப்படிக் கலந்தால் அது சாப்பாடு.

நானும் வேலைக்குப் போகிறேன். பிள்ளை தனியாகத்தான் வீட்டுக்கு வருவாள். அடுப்பைத் தொடாமல் அவளே எடுத்துச் சாப்பிட என்ன வைப்பது?

இதுதான் என் நிலைமையும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அவல். என் மகள் எட்டு வயதிலேயே தானாகச் செய்யப் பழகிவிட்டாள். கெட்டிச் சிவப்பு அவலை ஒரு கிண்ணம் எடுத்து, இரண்டு தடவை கழுவி, மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம். அதற்குள் முகம் கழுவி, யூனிபார்ம் மாற்றிவிட்டு வரலாம். ஊறியதும் பொடித்த வெல்லம், தேங்காய்த் துருவல், ஒரு வாழைப்பழம். காலையிலேயே வெல்லத்தைப் பொடித்து டப்பாவில் போட்டு, தேங்காயைத் துருவி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவேன். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் தேங்காய்க்குப் பதில் வறுத்த வேர்க்கடலைப் பொடி. இனிப்பு வேண்டாத நாளில் தயிரும் உப்பும், தொட்டுக்கொள்ள ஊறுகாய். மெல்லிசான அவல் வாங்கினால் ஊறவைக்கவே வேண்டாம், கழுவிய ஈரத்திலேயே மெத்தென்று ஆகிவிடும்.

அடுத்தது உருண்டைகள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வாரம் முழுக்க ஓடும். மாலாடு: பொட்டுக்கடலை ஒரு கிண்ணம், சர்க்கரை முக்கால் கிண்ணம், இரண்டையும் தனித்தனியே பொடித்துச் சலித்து, ஏலக்காய் சேர்த்து, கால் கிண்ணம் சூடான நெய் விட்டுச் சூட்டோடு பிடிக்க வேண்டும். நெய் விலைக்குக் கட்டாது என்றால் அதே பொட்டுக்கடலையை வெல்லப்பாகில் பிடியுங்கள், அது இன்னும் நாள்படும். எள்ளுருண்டைக்குக் கறுப்பு எள்ளைக் கழுவிக் காயவைத்து, படபடவென வெடிக்கும் வரை வறுத்து, வெல்லத்தோடு மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றினால் எள்ளின் எண்ணெயே பிடித்துக்கொள்ளும். நெய்யும் வேண்டாம், பாகும் வேண்டாம்.

மூன்றாவது, அவித்த முட்டை. காலையில் அவித்து ஓட்டோடு ஃபிரிட்ஜில் வைத்தால் அவளே உரித்து மிளகுத்தூள் போட்டுக்கொள்வாள். ஃபிரிட்ஜ் இல்லையென்றால், வெயில் நாளில் மாலை வரை வெளியே வைக்காதீர்கள்.

ஒரு சின்ன விஷயம். டப்பாக்களைப் பிள்ளையின் கைக்கு எட்டும் தட்டில் வையுங்கள். பசியில் வரும் பிள்ளை ஸ்டூல் போட்டு மேல் அலமாரியை எட்டக் கூடாது.

கடலை உருண்டைக்குப் பாகு வரவே மாட்டேன் என்கிறது. ஒரு தடவை கல்லாகிவிடுகிறது, ஒரு தடவை பிசுபிசுக்கிறது.

நான் பிறந்தது கோவில்பட்டிப் பக்கம். கடலைமிட்டாய் வாசத்திலேயே வளர்ந்தவள். 2020-இல் எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது என் அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். பாகு அவரிடம் கற்றதுதான்.

கால் கிலோ வேர்க்கடலையை மிதமான தீயில் வறுத்து, தோலைத் தேய்த்து ஊதிவிட்டு, இரண்டாக உடைத்து வையுங்கள். 150 கிராம் வெல்லத்தைக் கால் கிண்ணம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அடிகனமான சட்டியில் கொதிக்கவிடுங்கள். நுரை அடங்கிக் கெட்டியானதும் ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். விரலால் கூட்டும்போது மெத்தென்று உருண்டால் போதாது, இன்னும் விடுங்கள். உருட்டிய பாகைத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும். அந்த நொடியில் அடுப்பை அணைத்துக் கடலையைக் கொட்டிக் கிளறுங்கள். பிசுபிசுப்பு வருவது அவசரப்பட்டு இறக்குவதால். கல்லாவது, சத்தம் வந்த பிறகும் தீயில் விடுவதால். கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடிக்க வேண்டும், ஆறினால் பிடிபடாது. கொதிக்கும் பாகு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். இந்த வேலை நடக்கும்போது சின்னப் பிள்ளைகள் அடுப்புப் பக்கம் வேண்டாம்.

பாகே வேண்டாம் என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. வறுத்த கடலையையும் வெல்லத்தையும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மிக்ஸியில் கொரகொரப்பாகச் சுற்றுங்கள். கடலை எண்ணெய் விட்டதும் உருண்டை பிடிக்க வரும். மிட்டாயின் மொறுமொறுப்பு இருக்காது, ஆனால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

வேர்க்கடலை பித்தம் என்கிறார் மாமியார். கொடுக்கலாமா?

ஒரு கை அளவில் தினமும் கொடுக்கலாம். பெரியவர்கள் வெல்லத்தோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்வார்கள், அப்படியே செய்யுங்கள், மனத்தாங்கல் வேண்டாம். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. நிறம் மாறிய, சுருங்கிய, பூஞ்சை வாடை வீசும் கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறியுங்கள். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுவதும் போகாது. மழைக்காலத்தில் கிலோக்கணக்கில் வாங்கி அடைத்து வைக்காதீர்கள். நாலு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு முழுக் கடலை கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். பொடியாக்கிக் கொடுங்கள். கடலை தின்றதும் உதடு வீங்கினாலோ, தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தாலோ அது ஒவ்வாமை. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

கேழ்வரகை எப்படிக் கொடுத்தாலும் துப்புகிறான்.

கூழாகக் கொடுத்துப் பார்த்திருப்பீர்கள். கடிக்கிற மாதிரி கொடுங்கள். இரண்டு கிண்ணம் கேழ்வரகு மாவு, நறுக்கிய சின்ன வெங்காயம், ஒரு கை முருங்கைக்கீரை, ஒன்றிரண்டாகத் தட்டிய வேர்க்கடலை, உப்பு. வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்துப் பிசைந்து, எண்ணெய் தடவிய வாழையிலையில் தட்டி, கல்லில் போட்டு மூடிச் சுடுங்கள். முருங்கைக்கீரை பிடிக்காத பிள்ளைக்கு வெல்லமும் தேங்காயும் சேர்த்து இனிப்பு அடை. நூறு கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பசும்பாலில் அதே எடைக்குச் சுமார் 120. தானியத்தில் இருப்பது பாலில் இருப்பது போல அவ்வளவு எளிதாக உடம்பில் ஒட்டாது என்பது உண்மைதான். ஆனாலும் எலும்பு நீளும் வயதில் பால் வாங்க முடியாத நாளில் இது பெரிய துணை.

மகளுக்குத் தனியாக ஏதாவது கொடுக்க வேண்டுமா? பையனுக்குத்தானே பசி அதிகம்.

இந்தக் கேள்வியை என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள், எனக்கு ஒவ்வொரு தடவையும் வருத்தமாக இருக்கும். நான் முன்னே சொன்ன அதே பட்டியலில், 10 முதல் 12 வயதுப் பெண் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 28 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்று போட்டிருக்கிறது. அதே வயதுப் பையனுக்கு 16. புரதம் அவளுக்கு 33 கிராம், அவனுக்கு 32. கிண்ணத்தைச் சமமாக வையுங்கள். முட்டை ஒன்றுதான் இருக்கிறது என்றால் பாதிப் பாதி.

வயதுக்கு வரும் பருவத்தில் எங்கள் பக்கம் உளுந்தங்களி கொடுப்பார்கள். தோலோடு கறுப்பு உளுந்து ஒரு கிண்ணம், பச்சரிசி கால் கிண்ணம், வாசம் வர வறுத்து மாவாக்கி, கருப்பட்டிக் கரைசலில் கட்டியில்லாமல் கிளறி, நல்லெண்ணெய் விட்டுச் சுருண்டு வரும் வரை கிண்ட வேண்டும். பத்து நாள் சடங்கோடு அதை நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் புரியவில்லை. மாவை அரைத்து வைத்துக்கொண்டு வாரம் ஒரு மாலை கிண்டுங்கள். மகனுக்கும் அதே களியைக் கொடுங்கள், அவன் இடுப்புக்கும் பலம் வேண்டாமா?

வந்ததும் டீ கேட்கிறார்கள்.

நான் கொடுப்பதில்லை. தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும், பசியையும் மறைத்துவிடும். மோரில் உப்பும் தட்டிய இஞ்சியும், அல்லது வெல்லமும் எலுமிச்சையும் கரைத்த பானகம்.

விளம்பரத்தில் வரும் ஊட்டச்சத்துப் பொடிகள் வாங்கட்டுமா?

அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வரும் என்று கணக்குப் பாருங்கள். நிறையப் பொடிகளில் சர்க்கரைதான் முக்கியச் சரக்கு. டப்பாவின் பின்னால் அச்சிட்டிருப்பதைப் படித்தால் தெரியும். வீட்டுச் சத்துமாவுக்கு நான் போடுவது கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை. தனித்தனியே வறுத்து மில்லில் திரிப்பேன். முப்பது பொருள் சேர்த்தால்தான் சத்து என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள், ஐந்து போதும். கஞ்சியாக்கலாம், வெல்லத்தோடு உருண்டையும் பிடிக்கலாம்.

பஜ்ஜி, முறுக்கு, வடை எல்லாம் கூடவே கூடாதா?

யார் சொன்னது? மழை பெய்யும் மாலையில் சூடாக நாலு வாழைக்காய் பஜ்ஜி சாப்பிடுவது ஒரு சந்தோஷம், அதைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்க வேண்டாம். வாரம் ஒரு நாள் போதும். சட்டியில் எண்ணெயைக் குறைவாக ஊற்றிப் பொரியுங்கள், மிச்சம் குறையும். மிஞ்சியதை வடிகட்டி இரண்டு மூன்று நாளில் தாளிக்கத் தீர்த்துவிடுங்கள். கறுத்த, நுரைக்கிற, சீக்கிரம் புகைகிற எண்ணெயை மறுபடி காய்ச்சாதீர்கள். கடைக்காரர்களுக்கே இதற்கு 2018-லிருந்து உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு இருக்கிறது. வடைக்குப் பதில் பருப்பு அடை சுட்டால் அதே ருசி, எண்ணெய் கால்வாசிதான்.

புளித்த மாவு, மிஞ்சின இட்லி, பழைய சோறு இவற்றை என்ன செய்யலாம்?

மூன்றாம் நாள் மாவுக்குக் குழிப்பணியாரச் சட்டிதான் கதி. வெங்காயம், கறிவேப்பிலை, கடலைப்பருப்பு தாளித்துக் கொட்டி, ஒரு கை கேழ்வரகு மாவும் கலந்து ஊற்றுங்கள். ஒரு முட்டையை உடைத்துக் கலந்தால் இன்னும் நல்லது. மிஞ்சின இட்லியை நாலாக வெட்டி, நல்லெண்ணெயில் பிரட்டி, எள்ளும் உளுந்தும் சேர்ந்த இட்லிப்பொடி தூவினால் டிபன் பாக்ஸில்கூட வைத்து அனுப்பலாம். தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றை மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்து, பொட்டுக்கடலைத் துவையலோடு கொடுங்கள். காலையில் கொடுப்பது உத்தமம், வெயில் நாளில் மாலை வரை தள்ளினால் அதிகம் புளித்துவிடும்.

கிழங்கு கொடுக்கலாமா?

சீசனில் இதைவிட மலிவு எது? சர்க்கரைவள்ளியைத் தோலோடு ஆவியில் வேகவைத்தால் போதும், சர்க்கரையே வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் பனங்கிழங்கு கட்டுக் கட்டாக வரும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நாரை உரித்து, நடுத்தண்டை எடுத்துவிட்டு மென்று தின்னக் கொடுங்கள். இரண்டையும் கடலையோடு சேர்த்துக் கொடுத்தால் பசி தாங்கும். மரவள்ளியில் மட்டும் எச்சரிக்கை. அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. வெளித்தோல், உள்ளே ஒட்டியிருக்கும் தடித்த தோல் இரண்டையும் உரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசந்தால் தின்னக் கூடாது. பச்சையாகக் கடிக்க ஒருபோதும் விடாதீர்கள்.

பழத்தில் கொய்யா. ஆரஞ்சைவிட வைட்டமின் சி பல மடங்கு, விலையோ பாதி.

பள்ளி இடைவேளைக்குச் சுண்டல் கொடுத்துவிட்டேன், கெட்டுப்போனது.

எனக்கும் நடந்திருக்கிறது. காலை ஏழுக்குத் தேங்காய் போட்டுத் தாளித்து, சூட்டோடு மூடி அனுப்பினேன். மகள் அதை ஊசிய வாடையோடு அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள், அன்று முழுக்கப் பசியோடு இருந்திருக்கிறாள். அதிலிருந்து டப்பாவில் போவதற்குத் தேங்காயும் பச்சை வெங்காயமும் கிடையாது. நன்றாக ஆறிய பிறகுதான் மூடுவேன். மத்தியானத்துக்கு மேல் சாப்பிடுவதென்றால் சுண்டலே வேண்டாம். உருண்டை, வறுத்த கடலை, பொரி கலவை.

எவ்வளவு தின்றாலும் பசி, ஆனால் உடம்பு தேறவே இல்லை.

குடற்புழு மாத்திரை கொடுத்து எவ்வளவு நாளாயிற்று? அரசுப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரையை இலவசமாகத் தருகிறார்கள், 19 வயது வரை உண்டு. அன்று பிள்ளை லீவு போட்டிருந்தால் கேட்டு வாங்கிவிடுங்கள். ஆனால் பசியோடு சேர்ந்து தாகமும் அதிகமாகி, அடிக்கடி சிறுநீர் போய், எடை குறைந்துகொண்டே வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டி ரத்தச் சர்க்கரை பாருங்கள். பிள்ளைகளுக்கும் சர்க்கரை நோய் வரும். அது தின்பண்டத்தால் சரியாகிற விஷயம் இல்லை.

நீங்கள் ஒரு வாரத்துக்கு என்ன செய்கிறீர்கள்?

போன வாரத்தைச் சொல்கிறேன். திங்கள் கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல், காலையிலேயே செய்து ஃபிரிட்ஜில் வைத்தது. செவ்வாய் அவல். புதன் முட்டையும் கொய்யாவும். வியாழன் முளைப்பயறு செய்வதாக இருந்தேன், ஓவர்டைம் வந்ததால் முடியவில்லை, டப்பாவில் இருந்த கடலை உருண்டையும் வாழைப்பழமும். வெள்ளி புளித்த மாவுப் பணியாரம், ராத்திரி சாப்பாடும் அதுவே ஆகிவிட்டது. சனி வேலை அரை நாள், கேழ்வரகு அடை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கேட்டது பட்டாணி மசாலா. அன்று ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டு மறுநாளைக்குத் தட்டைப்பயறு ஊறப்போட்டேன்.